முந்திரி போட்ட குற்றம்

வீட்டில் ஒரே ஒரு ஆள் இங்கிலீஷ் படித்திருந்தால் அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் நிம்மதி கிடையாது. மருந்து பாட்டிலில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டும். பாங்கிலிருந்து வரும் குறுஞ்செய்திக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் ஏன் கூவுகிறது என்பதையும் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் படித்தது எம்.ஏ. ஆங்கில இலக்கியம். அந்தப் பாடத்திட்டத்தில் வாஷிங் மெஷின் எந்தக் காவியத்திலும் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப இன்னாத்துக்கு ரெண்டு வருசம் படிச்ச?" என்று கேட்டார்கள்.

இதில் பெரிய சனியன் என்னவென்றால், தெரியாது என்று சொல்ல நமக்கே வாய் வராது. அதுவும் கல்யாணமான புதிதில் சுத்தமாக வராது. வில்லியனூர்ப் பக்கம் பிறந்த என்னைப் பாகூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்குச் சமையல் சுமார். கோலம் சுமாரிலும் சுமார். கைவசம் இருந்த ஒரே சொத்து இங்கிலீஷ்தான். அதையும் தெரியாதென்று ஒப்புக்கொண்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்று பயந்தேன்.

வீட்டில் நான்கே பேர். மாமனார் நெல்லும் கரும்பும் வைக்கிறவர். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். என் வீட்டுக்காரர் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் பைக்கில் போய் வருவார். நான் கிருமாம்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். நாலாவது ஆள் வளர்மதி அக்கா, என் வீட்டுக்காரரின் அக்கா. கணவர் தவறிய பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். வீட்டில் அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் தம்பி வாங்கி வரும் மாத்திரைப் பட்டையைக் கையில் வாங்கும்போதெல்லாம் அக்காவின் முகம் சுருங்கும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்குக் கைவந்த கலை மல்லாட்டை உருண்டை. (வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். ‘வேர்க்கடலை உருண்டை’ என்று சொன்னால் ருசியே பாதி குறைந்துவிடும்.) முதலில் அக்கம்பக்கத்தில் விற்றார். பிறகு கடலூர் ரோட்டில் இருக்கும் டீக்கடைகளில் பாட்டில் பாட்டிலாகப் போட்டார். உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிவும் செய்தோம். கடைசியில் பாண்டியில் ஒரு பெரிய மளிகைக்கடை முதலாளி, தீபாவளிக்குக் கொஞ்சம் பாக்கெட் வைத்துப் பார்க்கிறேன், சரக்கும் சரியாக இருந்து, ஆபீஸ் பக்கம் எந்தத் தொல்லையும் இல்லையென்றால் வாரா வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் மட்டும் அமைந்தால் அக்கா தன் மாத்திரையைத் தானே வாங்கிக்கொள்ளலாம். அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் அது தெரியும்.

பாக்கெட் மேல் ஒட்டும் லேபிளை நான்தான் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் செய்தேன். சேர்மானம்: வேர்க்கடலை, வெல்லம், ஏலக்காய். பெயர், முகவரி, பதிவு எண், எடை, தயாரித்த தேதி எல்லாம் போட்டு, ஓரத்தில் ஒரு பூவும் வைத்தேன். இந்தக் கதையில் சட்டப்படி நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அந்த லேபிள்தான். என்னைக் காட்டிக்கொடுத்ததும் அதேதான்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்காவின் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. இரண்டு வார்த்தை கேட்டதும் அக்கா போனை என் கையில் திணித்துவிட்டார். "இந்தாம்மா சங்கீதா, இங்கிலீஷ்ல பேசறாங்க."

பேசியது உணவுப் பாதுகாப்பு அலுவலர் மேடம். நல்ல தமிழில்தான் பேசினார், நடுநடுவே இங்கிலீஷ் வார்த்தைகள். தீபாவளி வருவதால் பலகாரம் செய்கிற இடங்களிலெல்லாம் சர்வைலன்ஸ் சாம்பிள் எடுக்கிறோம், உங்கள் தெருவில் கதவு எண்ணே சரியாக இல்லை, வியாழக்கிழமை வருகிறோம், வழி சொல்லுங்கள் என்றார். சாதாரணமாக எடுக்கிறதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னதாக இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது என் காதில் முதல் வார்த்தை ஒன்றுதான் நின்றது. சர்வைலன்ஸ் என்றால் எம்.ஏ. படித்தவளுக்குத் தெரியாதா? கண்காணிப்பு. சந்தேகப்பட்ட ஆளைப் போலீஸ் பின்தொடர்வது.

"இன்னாவாம்?" என்றார் அக்கா.

"நம்மள கண்காணிக்கிறாங்க அக்கா."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்றுமில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றாவது நான் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, "நீங்க கவலைப்படாதீங்க அக்கா, சட்டத்தை நான் படிக்கிறேன்" என்று சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பது என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் போனில் இறக்கிக்கொண்டேன். ஆரம்பத்தில் வெறும் சொல் விளக்கமே பக்கம் பக்கமாக ஓடியது. சாதாரண மனுஷன் சோறு என்கிற சமாச்சாரத்துக்குச் சட்டம் அவ்வளவு நீளமாக விளக்கம் சொல்லும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. உணவுத் தொழில் என்றால் லாபத்துக்காக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று ஒரு வரி இருந்தது. அப்படியானால் மதில் மேல் நான் பக்கத்து வீட்டுக்கு நீட்டும் சுண்டைக்காய்க் குழம்பு? அதற்குப் பதிலாக அவர்கள் நீட்டும் மீன் வறுவல்? அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தோடு வந்தபோது, "இப்ப வேணாங்க, ஒரு பிரச்சினை ஓடிட்டிருக்குது" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு மசக்கை என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டார்களாம்.

பிறகு வந்தன அந்த மூன்று வார்த்தைகள். தரம் குறைந்தது ஒன்று. லேபிள் பொய் சொல்வது ஒன்று, அதற்குப் பெயர் மிஸ்பிராண்டட். பாதுகாப்பற்றது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டனை. அபராதம் லட்சத்தில் இருந்தது, ஜெயில் வருஷத்தில் இருந்தது. எந்த வார்த்தைக்கு எந்தத் தண்டனை என்று பிரித்து வைத்துக்கொள்ளும் நிதானம் எனக்கில்லை. மூன்றும் சேர்ந்து என் தலைக்குள் ஒரே களியாகிவிட்டது. இரவில் தூக்கம் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு எதிர்ச்சொல் சொல்லிக்கொடுக்கும்போது ‘சேஃப்’ என்று எழுதிவிட்டு, எதிரே எழுத வேண்டிய வார்த்தையை எழுதக் கை வராமல் நின்றேன்.

வீட்டில் ஒரே ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார். விவசாயிக்கும் மீனவருக்கும் வயலில் நிற்கும் பயிருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஓர் இடத்தில் இருந்ததை நான் படித்துக் காட்டினேன்.

"அப்ப என் மேல கேஸ் வராது?" என்றார் மாமா.

"வராது மாமா."

"அதானே பாத்தேன்" என்று வெற்றிலையை மடித்தார். அன்றிலிருந்து எங்கள் மூவருக்கும் தைரியமாக யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவருக்குத்தான் கேஸ் வராதே.

புதன்கிழமை காலை நாங்கள் மூவரும் உருண்டை டின்னை நடுவில் வைத்துக்கொண்டு துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தோம். மாமா வந்து, சாம்பிள் என்றால் என்ன என்று கேட்டார். மாதிரி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வார்த்தை அவர் தொழிலில் தினமும் புழங்குகிற வார்த்தை.

"அட, இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? நெல்லு வியாபாரி வந்து மாதிரி கேட்டா இன்னா பண்றோம்? மூட்டையிலேர்ந்து அப்படியே அள்ளியா குடுக்கிறோம்? தூத்தி, பதரு கல்லு பொறுக்கி, நல்லா காய வெச்சி ஒரு கை காட்றோம். மாதிரின்னா அதான்."

நெல் வியாபாரத்தில் இது வஞ்சனை கிடையாது, வழக்கம். காட்டுகிற கை நெல் மூட்டையில் இருப்பதைவிட ஒரு படி மேலே இருக்கும் என்பது வியாபாரிக்கும் தெரியும். அதற்குத் தக்கபடி அவன் விலையை இறக்கிக் கேட்பான். இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. சுத்தம் செய்யாமல் அப்படியே அள்ளிக் காட்டுகிறவனைத்தான் ஊரில் மட்டுமரியாதை தெரியாதவன் என்பார்கள்.

எனக்கு லேசான சந்தேகம் இருந்தது. ஆகவே அகராதியைப் பார்த்தேன். முழுமையின் பிரதிநிதியாக எடுக்கப்படும் பகுதி என்று போட்டிருந்தது. அதையும் வாசித்துக் காட்டினேன்.

"பிரதிநிதின்னா? நம்ம சார்பா போறவன். ஊர்லயே நல்லவனா பாத்துத்தானே அனுப்புவோம்?" என்றார் மாமா.

"அப்படியா அனுப்பிக்கிட்டிருக்கோம்?" என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் போகாமல் இன்னும் பத்து நிமிஷம் பேசியிருந்தால் தப்பித்திருப்போம்.

விற்கிற உருண்டையில் எந்தக் குறையும் இல்லை. தினமும் நாங்களே தின்கிறோம். ஆனாலும் பயம் வந்தால் நம் பிள்ளையே நமக்கு அசிங்கமாகத் தெரியும். கல்யாணத்துக்குப் போகும் பிள்ளைக்கு நகை போடுகிற மாதிரி நாங்கள் உருண்டைக்குப் போட ஆரம்பித்தோம். நெய் ஊற்றலாம் என்றார் மாமா. முந்திரி போட்டால் பார்வையாக இருக்கும் என்றேன் நான். அக்கா முதலில், எப்பவும் செய்யறதையே குடுத்தா ஆவாதா என்று இழுத்தார். பிறகு அவருக்கே வேகம் வந்துவிட்டது. யார் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினாலும் ஒரு பிடி கூடப் போடுகிற கை அது. வறுத்த முந்திரியை உடைத்துத் தூவினார். உருகிய நெய்யை ஊற்றிப் பிடித்தார். வாசனை தெருமுனை வரை போனது. நான் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, அக்கா தலையிலும் கட்டிவிட்டு, அந்த உருண்டைகளை என் பூப்போட்ட லேபிள் ஒட்டிய பாக்கெட்டுகளில் நிரப்பினேன். சேர்மானம்: வேர்க்கடலை, வெல்லம், ஏலக்காய். அந்த வரியை எத்தனை முறை தடவி ஒட்டியிருப்பேன். ஒரு முறைகூட என் மண்டையில் உறைக்கவில்லை. சொந்தமாக எழுதியதை யார் திருப்பிப் படிக்கிறார்கள்?

பிடித்தது அதிகமாகிவிட்டது. மிச்சத்தை என்ன செய்வது என்று யோசித்து, மளிகைக்கடைக்குத் தீபாவளிக்கென்று அனுப்ப வேண்டிய பெட்டியில் அதையே போட்டு அனுப்பிவிட்டோம். நல்லதாகத்தானே கொடுக்கிறோம் என்று மனசு நிறைந்தும் இருந்தது.

வியாழக்கிழமை மேடம் வந்தார். என் வயதுதான் இருக்கும். சமையலறையைப் பார்த்தார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார், மூடி வைத்த டின்களைப் பார்த்து நல்லாருக்கு என்றார். அதற்குள் மாமா ஓர் இளநீரைச் சீவிக்கொண்டு வந்து நீட்டினார். வெயிலில் வந்த மனுஷி, கையையும் நீட்டிவிட்டார். எனக்கோ அரசு ஊழியருக்குக் கொடுப்பது பற்றி எங்கோ படித்த ஞாபகம் பொங்கி வந்தது. பாய்ந்து போய் நடுவில் அந்த இளநீரைப் பிடுங்கிக்கொண்டேன்.

"வேணாம் மாமா, லஞ்சமாயிடும்."

மேடத்தின் கை நீட்டியபடியே சிறிது நேரம் இருந்து, பிறகு மெல்லக் கைப்பையை நோக்கிப் போனது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். பிடுங்கிய இளநீரை என்ன செய்வதென்று தெரியாமல் நானே குடித்துத் தீர்த்தேன். (இவ்வளவு மோசமான இளநீரை நான் அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை.)

அதற்குப் பிறகு பாக்கெட்டுகளைக் கொடுத்தோம். இது நீங்கள் விற்கிறதுதானே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆமாங்க மேடம்" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். சாம்பிளுக்குக் காசு கொடுத்தார். வீட்டுக்கு வந்தவரிடம் காசு வாங்குவதா என்று மாமா மறுத்தார். சட்டப்படி கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று மேடம் சொன்னதும், சட்டம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே நான் பாய்ந்து வாங்கிக்கொண்டேன். அன்று முழுக்க நான் பாய்ந்துகொண்டேதான் இருந்தேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, பள்ளி இடைவேளையில் என் போன் அடித்தது. ரிசல்ட் வந்துவிட்டது, மிஸ்பிராண்டட் என்று வந்திருக்கிறது, ஒருமுறை ஆபீஸுக்கு வந்துவிட்டுப் போங்கள் என்றார் மேடம். அந்த மூன்று வார்த்தைகளில் இது எது? அபராத வார்த்தையா, ஜெயில் வார்த்தையா? போனில் பார்க்கலாமென்றால் சட்டம் பக்கம் பக்கமாக ஓடியது, அந்த வரி மட்டும் அகப்படவில்லை. லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடை ஆர்டரு போயிடுச்சா?"

அவர் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என் இங்கிலீஷையும் என்னையும் சேர்த்துக் கிணற்றில் தள்ளலாம் போல இருந்தது.

குடும்பமே கிளம்பியது. என் வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டு வந்தார். மாமா கல்யாணத்துக்குக் கட்டும் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, கக்கத்தில் நிலப் பட்டா நகலோடு நின்றார். எதற்கு மாமா இது என்றேன். ஜாமீனுக்கு யாராவது நிலம் காட்ட வேண்டியிருக்குமாம், கேஸ் வராத ஒரே ஆள் அவர்தானாம். சிரிப்பு வர வேண்டிய இடம் அது. எனக்கு அழுகை வந்தது. கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். வழியில் பசிக்கும் என்று அக்கா ஒரு டப்பாவில் உருண்டை எடுத்து வந்திருந்தார். பாண்டி வரும் வரை அதை யாரும் தொடவில்லை. நான் கோர்ட்டில் சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

ஆபீஸில் மேடம் எங்கள் நால்வரையும் பார்த்துவிட்டு, இவ்வளவு பேர் எதற்கு என்று கேட்டபடி இன்னும் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். பிறகு விஷயத்தைச் சொன்னார். உருண்டையில் குறை எதுவும் இல்லையாம். வெல்லம் நல்ல வெல்லமாம், மல்லாட்டை நல்ல மல்லாட்டையாம். ஆனால் உள்ளே முந்திரி இருக்கிறது, நெய் இருக்கிறது. லேபிளில் இரண்டும் இல்லை.

"எல்லாரும் போடாததை போட்டேன்னு எழுதிட்டு வருவாங்க. நீங்க போட்டதை போடலன்னு எழுதியிருக்கீங்க. ஏன்?"

மனப்பாடம் செய்த இங்கிலீஷ் முழுவதும் எனக்கு மறந்துபோனது. வெளியே வந்தது நான் தயாரிக்காத ஒரு வாக்கியம். "அது விக்கிறது இல்லீங்க மேடம்."

"விக்காததை ஏன் சாம்பிளா குடுத்தீங்க?"

இந்த இடத்தில் மாமா எழுந்து நின்று நெல் மாதிரி விஷயத்தை விளக்கினார். தூற்றுவது, பதர் பொறுக்குவது, காய வைப்பது, வியாபாரி விலையை இறக்குவது எல்லாவற்றையும் சொன்னார். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. மேசைக்கடியில் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது லேசாக ஆடியது. அவர் சிரிப்பை அடக்குகிறார் என்பது எனக்கு வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது.

அப்புறம் நிதானமாகச் சொன்னார். கேஸ் போடுவதற்கென்று எடுக்கிற சாம்பிள் வேறு. அதை நாலு பாகமாகப் பிரித்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்கித்தான் எடுப்பார்கள். இது சர்வைலன்ஸ் சாம்பிள், ஊரில் சரக்கு எப்படியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எடுப்பது. இதை வைத்துக் கேஸ் இல்லை, திருத்திக்கொள்ளச் சொல்வதுதான்.

எங்கள் நால்வருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. மாமா பட்டாவை மெதுவாக வேட்டி மடிப்புக்குள் செருகினார். அப்போதுதான் மேடம் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இதே மாதிரி முந்திரி போட்ட பாக்கெட் வேற எங்கயாவது போயிருக்கா? சில பேருக்கு முந்திரி ஆவாதும்மா. தெரியாம தின்னா மூச்சே நின்னுடும். அவங்க லேபிளை நம்பித்தான் வாங்கறாங்க."

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதுவரை நான் பட்ட பயமெல்லாம் எனக்காகப் பட்ட பயம். அபராதம், ஜெயில், மானம். இது வேறு பயம். ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு வீட்டில், பூப்போட்ட என் லேபிளைப் படித்துப் பார்த்து, முந்திரி இல்லை என்று நிம்மதியாக ஓர் அம்மா தன் பிள்ளைக்குப் பிரித்துக் கொடுக்கிறாள். சட்டம் ஏன் சோற்றுக்கு அவ்வளவு பக்கம் எழுதுகிறது என்பது அந்த நாற்காலியில்தான் எனக்கு உறைத்தது.

உண்மையைச் சொன்னேன். உடனே போய்த் திரும்ப எடுங்கள், இதற்கு ரீகால் என்று பெயர் என்றார் மேடம். கடைக்குத் தானே போனிலும் சொல்லிவிட்டார்.

இரண்டு ஆட்டோவில் பறந்தோம். தீபாவளிக் கூட்டத்தில் தெருவே நகரவில்லை. ஆட்டோவில் அக்கா என் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. கடைசித் தெருவில் இறங்கி ஓடினோம், வெள்ளை வேட்டியோடு மாமாவும்தான்.

கடைக்குள் நுழைந்ததும் நான் நேராக அலமாரிக்குப் போய்ப் பாக்கெட்டுகளை அள்ள ஆரம்பித்தேன். காவலாளி என்னைப் பிடித்துவிட்டார். முதலாளி ஓடி வந்தார். மேடம் சொன்னதை அவர் அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறார். சரக்கில் என்ன கோளாறு, கெட்டுப்போய்விட்டதா என்று கூட்டத்தின் நடுவில் கேட்டார். எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெட்டுப் போகல மொதலாளி. சொன்னதைவிட நல்லா செஞ்சிட்டோம். அதான் திருப்பி எடுக்கிறோம்" என்றார் மாமா.

முதலாளி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எத்தனை விற்றது என்று கேட்டோம். நாங்கள் அனுப்பியதையும் அலமாரியில் இருந்ததையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இரண்டு பாக்கெட் குறைந்தது. யார் வாங்கியது, எந்த ஊர், குழந்தை இருக்கிற வீடா என்று நான் கேட்டுக்கொண்டே போக, முதலாளி கொஞ்சம் கூச்சத்தோடு கல்லாவுக்கு அடியிலிருந்து இரண்டு காலிப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

"இன்னிக்குக் காலைலதான் பொட்டியப் பிரிச்சேன். பிரிக்கும்போதே வாசனை வந்துச்சி. நான்தான் தின்னேன்."

அந்த மனுஷரை அங்கேயே கும்பிட்டேன். அவருக்கு முந்திரி ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டேன். அவர் தொப்பையைத் தடவி, ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் டாக்டருக்கே சந்தோஷமாக இருக்கும் என்றார். அக்கா அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ஆர்டர் போய்விட்டதே என்று அழுகிறார் என நினைத்தேன். இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அழுதார்.

முதலாளி தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். பேச்சுவாக்கில் அக்கா கையிலிருந்த டப்பாவைத் திறந்து, இதுதாங்க நாங்க எப்பவும் விக்கிறது என்று சாதா உருண்டையை நீட்டினார். அவர் ஒன்று தின்றார். இன்னொன்றும் எடுத்தார். பிறகு, இதையும் போடுங்கள், அதையும் போடுங்கள், இரண்டுக்கும் தனித்தனி லேபிள், உள்ளே இருப்பது வெளியே இருக்க வேண்டும் என்றார்.

அப்படித்தான் அக்காவுக்கு வார ஆர்டர் வந்தது. மாத்திரையை இப்போது அவரே வாங்கிக்கொள்கிறார். முந்திரி உருண்டைக்கு நான் ஒரு நல்ல பெயர் யோசித்து லேபிளில் போட்டேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரை ஒருத்தரும் சொல்வதில்லை. "சாம்பிள் அரைக் கிலோ குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். மேடம் அதன் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் கடைக்குப் போய், அலமாரியிலிருந்து தானே கைவிட்டு ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டு போனார். எந்தக் குறையும் வரவில்லை. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இளநீரோடு நின்ற மாமாவிடம், என்னை ஒருமுறை பார்த்து, குடிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

அதெல்லாம் போகட்டும். மிஸ்பிராண்டட் என்கிற வார்த்தை மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. வெளியே பச்சையாக இருந்து உள்ளே சிவக்காத தர்பூசணி மிஸ்பிராண்டட். சிரித்துப் பேசிவிட்டு ஓட்டு வாங்கியவர் மிஸ்பிராண்டட். போன தீபாவளிக்குக்கூட, எண்ணெய்ச் சட்டி முன்னால் நான் எதற்கோ பதறிக் கத்தியபோது என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப தரகர் இன்னா சொன்னாரு? பொண்ணு அமைதி, நெதானம், எல்லாம் தெரிஞ்சவன்னாரு. பிரிச்சி பாத்தாதானே தெரியுது. மிஸ்பிராண்டட்."

"ரீகாலும் பண்ண முடியாதுடா" என்றார் மாமா வாசலிலிருந்து.

நான் கரண்டியோடு திரும்பினேன். அதற்குள் அக்கா, உருண்டை பிடிக்கிற கையை நிறுத்தாமலே சொன்னார்.

"மிஸ்பிராண்டட்னா மட்டம்னு எவன்டா சொன்னான்? வெளிய போட்டதவிட உள்ள நல்லா இருந்துச்சின்னுதான் நம்மள கூப்ட்டு கேட்டாங்க. போய் முந்திரிய ஒடைச்சி எடுத்துட்டு வா."

என் வீட்டுக்காரர் எழுந்து போய் உடைத்துக்கொண்டு வந்தார். லேபிளில் போட்டிருக்கிற அளவுதானா என்று நான் நிறுத்துப் பார்த்தேன்.